புற்றுமண்ணுக்குக் காப்புரிமை கிடைக்குமா?

சங்கரன்கோவில் போய் வந்தவர்கள் வீட்டுப் பூஜை அலமாரியில் பெரும்பாலும் ஒரு சிறு பொட்டலம் இருக்கும். சங்கரநாராயணர் கோயிலில் பிரசாதமாகக் கிடைக்கும் புற்றுமண் அது. நெற்றியில் இட்டுக்கொள்வார்கள். அரிப்பு, படை, புண் என்றால் தண்ணீரில் குழைத்துப் பூசுவார்கள். சங்கன், பதுமன் என்ற இரண்டு நாகர்களின் கதையோடு ஒட்டி வந்த வழக்கம். மண் நோயைக் குணமாக்குமா என்ற விவாதத்துக்குள் நான் போகப்போவதில்லை. என் கேள்வி வேறு. நாளைக்கு ஒருவர் சென்னை கிண்டியில் இருக்கும் காப்புரிமை அலுவலகத்துக்குப் போய், 'தோல் நோய்க்குப் புற்றுமண் பூச்சு, இது என் கண்டுபிடிப்பு' என்று விண்ணப்பம் கொடுத்தால் என்ன நடக்கும்?

சிரித்து அனுப்பிவிடுவார்கள் என்று நினைப்போம். ஆனால் சிரிப்பை ஆணையாக எழுத முடியாது. விண்ணப்பத்தைக் கையில் எடுக்கும் ஆய்வாளர், 'இது புதியதல்ல' என்பதற்கு ஆதாரம் காட்டியாக வேண்டும். ஊருக்கே தெரிந்த ஒன்று பழையது என்று நிரூபிப்பதற்கு எத்தனை பாடு பட வேண்டியிருக்கிறது, அதற்காக உலகம் எப்படிப்பட்ட ஏற்பாடுகளைச் செய்து வைத்திருக்கிறது என்று பார்த்தால், புதுமை என்பதே ஒரு தனி விஞ்ஞானமோ என்று தோன்றும்.

முதலில் காப்புரிமை என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். அது அரசாங்கத்துக்கும் கண்டுபிடித்தவருக்கும் இடையே ஒரு பேரம். 'உன் ரகசியத்தை முழுசாக எழுதிக் கொடு. பதிலுக்கு 20 ஆண்டுகள் உன் அனுமதியில்லாமல் வேறு யாரும் அதைச் செய்யவோ விற்கவோ கூடாது' என்பது ஒப்பந்தம். 20 ஆண்டு முடிந்தால் அது ஊர்ச் சொத்து. இந்தியாவில் இந்தப் பேரத்துக்கு வயது சுமார் 170. 1856இல் முதல் விண்ணப்பம் போட்டவர் கல்கத்தாவில் இருந்த ஜார்ஜ் ஆல்பிரட் டிபென்னிங் என்ற சிவில் இன்ஜினீயர். அவர் கண்டுபிடித்தது, பங்கா இழுக்கும் இயந்திரம். வெயில் காலத்தில் துரைமார் தலைக்கு மேலே தொங்கும் துணி விசிறியைக் கயிறு பிடித்து இழுக்க ஓர் ஆள் வேண்டியிருந்ததே, அந்த வேலைக்கு ஓர் இயந்திரம். நம் நாட்டின் கண்டுபிடிப்பு வரலாறு புழுக்கத்தில்தான் தொடங்கியிருக்கிறது.

பேரம் நடக்க மூன்று நிபந்தனைகள் உண்டு. புதிதாக இருக்க வேண்டும். அந்தத் தொழில் தெரிந்தவர் எவருக்கும் சட்டென்று தோன்றிவிடுகிற விஷயமாக இருக்கக் கூடாது. தொழிலுக்குப் பயன்பட வேண்டும். இந்த மூன்றில் முதலாவதுதான் நம் கதாநாயகன்.

ஆங்கிலத்தில் இதற்கு 'நாவல்' என்ற அடைமொழியைச் சொல்வார்கள். 2020இல் செய்தித்தாளைப் பிரித்தாலே 'நாவல் கொரோனா வைரஸ்' என்று இருந்ததே, அதே சொல். அந்த வைரஸுக்கு உலக சுகாதார நிறுவனம் தற்காலிகமாக வைத்த பெயர் '2019-என்கோவ்'. அந்த 'என்' தான் நாவல், அதாவது இதுவரை மனிதரிடம் காணாதது. வேடிக்கை என்னவென்றால், 2012இல் மத்தியக் கிழக்கில் தலைகாட்டிய வேறொரு கொரோனா வைரஸையும் முதலில் இதே அடைமொழியால்தான் அழைத்தார்கள். அது பிறகு 'மெர்ஸ்' ஆனது. இந்த அடைமொழிக்கு ஆயுள் குறைவு. புதுப் பெயர் சூட்டியதும் உதிர்ந்துவிடும்.

அறிவியல் ஆய்விதழ்களில் இதே சொல் படுகிற பாடு இன்னும் சுவாரசியம். கிறிஸ்டியான் விங்கர்ஸும் அவருடைய டச்சுக் கூட்டாளிகளும் 1974 முதல் 2014 வரை வெளியான மருத்துவ ஆய்வுச் சுருக்கங்களைக் கணினியில் போட்டு அலசினார்கள். தன் ஆய்வைத் தானே மெச்சிக்கொள்ளும் சொற்கள் எவ்வளவு என்று எண்ணுவதுதான் நோக்கம். எழுபதுகளில் நூற்றுக்கு 2 சுருக்கங்களில் இருந்த அந்தச் சொற்கள் 2014இல் நூற்றுக்குப் பதினேழரையில் இருந்தன. 'நாவல்' அவற்றில் முன்வரிசை. இதே வேகத்தில் போனால் 2123ஆம் ஆண்டில் வெளியாகும் ஒவ்வொரு மருத்துவ ஆய்விலும் அந்தச் சொல் இருக்கும் என்று கணக்குப் போட்டு, 2015 டிசம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலின் கிறிஸ்துமஸ் இதழில் வெளியிட்டார்கள். எல்லாமே புதிது என்றால் எதுதான் புதிது என்று அவர்கள் கேட்கவில்லை, படித்தவர்கள் கேட்டுக்கொண்டோம்.

ஆய்விதழில் அந்தச் சொல்லை எழுத எந்தச் செலவும் இல்லை. காப்புரிமை அலுவலகத்தில் அது தங்க விலை. ஏனென்றால் அங்கே 'புதிது' என்பதற்கு ஒரு கறாரான இலக்கணம் வைத்திருக்கிறார்கள்: விண்ணப்பம் கொடுத்த தேதிக்கு முதல் நாள்வரை, உலகத்தில் எங்கேயும், எந்த மொழியிலும், பொதுமக்கள் கைக்கு எட்டும்படி அந்த விஷயம் வெளியாகியிருக்கக் கூடாது. அப்படி ஏற்கெனவே வெளியானவை எல்லாவற்றையும் சேர்த்து 'முன்னறிவு' என்று சொல்லலாம். பாட்டன் காலத்துக் காப்புரிமை, ஜப்பானியத் துண்டுப் பிரசுரம், நூலகத்தில் தூசி தட்டாத ஒரு முனைவர் பட்ட ஏடு, எல்லாம் முன்னறிவில் அடக்கம். யாராவது அதைப் படித்தார்களா என்பதுகூட முக்கியமில்லை. படிக்க முடிந்திருக்குமா என்பதுதான் கேள்வி.

முன்னறிவின் அளவை யோசித்தால் தலை சுற்றும். ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் இலவசத் தேடுதளத்தில் மட்டும் சுமார் 15 கோடி ஆவணங்கள். தூங்காமல் சாப்பிடாமல் நிமிஷத்துக்கு ஒன்றாகப் புரட்டினால் 285 ஆண்டுகள் ஆகும். அதாவது பாளையக்காரர் பூலித்தேவன் நெற்கட்டும்செவலில் வாள் பிடிப்பதற்கு முன்பே உட்கார்ந்திருந்தால்தான் இப்போது முடித்திருக்க முடியும்.

அப்படியானால் ஓர் ஆய்வாளர் எப்படி அதைத் தேடுகிறார்? இங்கேதான் ஓர் அழகான சாமர்த்தியம் வருகிறது. உலகத்துக் கண்டுபிடிப்புகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு விலாசம் கொடுத்திருக்கிறார்கள். சங்கரன்கோவிலின் பின்கோடு 627756. முதல் 6 தென் மண்டலத்தைக் காட்டும். 627 என்றதும் திருநெல்வேலிப் பக்கம் என்று தெரிந்துவிடும். கடைசி மூன்று இலக்கம் தபாலாபீஸில் கொண்டுபோய் விடும். 1971இல் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் கையெழுத்தான உடன்படிக்கையின் கீழ் நடக்கும் பன்னாட்டுக் காப்புரிமைப் பாகுபாடும் இதே மாதிரிதான். 'ஏ' என்றால் மனிதத் தேவைகள். 'ஏ61' என்றால் மருத்துவம். 'ஏ61கே' மருந்துச் சரக்குகள். அதில் '36' தாவர மருந்துகள். '36/58' என்ற கதவைத் தட்டினால் வேம்பின் குடும்பம். '36/9066' என்றால் மஞ்சள். இப்படி 70,000க்கும் மேற்பட்ட கதவுகள். ஜெர்மன்காரர் எழுதியதோ கொரியாக்காரர் எழுதியதோ, மஞ்சள் மருந்து என்றால் அந்தக் கதவுக்குப் பின்னால்தான் இருந்தாக வேண்டும்.

இந்தக் கதவுகள் எப்போதும் இருந்தவை அல்ல. 1995இல் மூலிகை மருந்துகளுக்கென்று இத்தனை அறைகள் கிடையாது. அந்த ஆண்டு மார்ச்சில்தான் அமெரிக்காவின் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு 5401504 என்ற எண்ணில் ஒரு காப்புரிமை கிடைத்தது. ஆறாத புண்ணுக்கு மஞ்சள்தூள் கொடுத்து ஆற்றும் முறை. கண்டுபிடித்தவர்களாகக் கையெழுத்திட்ட இருவருமே இந்திய வம்சாவளியினர். அவர்களுக்குச் சின்ன வயதில் முழங்காலில் அடிபட்டபோது வீட்டில் என்ன பூசினார்கள் என்று கேட்க எனக்கு ஆசைதான்.

இந்திய அறிவியல் தொழில் ஆராய்ச்சி மன்றம் 1996இல் மறு ஆய்வு கேட்டது. அப்போது அதன் தலைமை இயக்குநர் ஆர்.ஏ. மஷேல்கர். 'எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும்' என்று சொன்னால் போதாதா? போதாது. காரணம் அன்றைய அமெரிக்கச் சட்டத்தில் இருந்த ஒரு விசித்திரம். அமெரிக்காவுக்குள் ஒரு விஷயம் புழக்கத்தில் இருந்தால் அது முன்னறிவு. வெளிநாட்டில் என்றால், அச்சில் வந்திருந்தால் மட்டும்தான் முன்னறிவு. நூறு கோடிப் பேர் தினமும் செய்துகொண்டிருந்தாலும், அச்சேறாதவரை அது அந்தச் சட்டத்தின் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே பாட்டிமார்களை விட்டுவிட்டுப் பழைய தாள்களைத் தேடிப் போனார்கள். சம்ஸ்கிருதம், உருது ஏடுகளிலிருந்தும், இந்திய மருத்துவச் சங்கத்தின் 1953ஆம் ஆண்டு இதழிலிருந்தும் என்று மொத்தம் 32 ஆதாரங்கள் சேர்ந்தன. 1997 ஆகஸ்டில் காப்புரிமை வீழ்ந்தது. அச்சேறாத அயல்நாட்டு வழக்கத்தைக் கண்டுகொள்ளாத அந்த விதியை அமெரிக்கா 2013 மார்ச்சில்தான் கைவிட்டது.

வேம்பு வழக்கு இதற்கு நேர் எதிர்த் திசையில் நடந்தது. டபிள்யூ. ஆர். கிரேஸ் நிறுவனமும் அமெரிக்க வேளாண்மைத் துறையும் சேர்ந்து, பயிரில் பூஞ்சணத்தை அடக்கும் வேப்பெண்ணெய்த் தயாரிப்புக்கு 1994இல் ஐரோப்பியக் காப்புரிமை வாங்கியிருந்தார்கள். ஐரோப்பியச் சட்டத்தில் அச்சுக் கட்டாயம் இல்லை. உலகில் எங்கே பொது வழக்கில் இருந்திருந்தாலும் கணக்கில் வரும். ஆனால் வாய்மொழியை நம்பும்படி நிரூபிக்க வேண்டும். சூழலியலாளர் வந்தனா சிவா முதலியோர் தொடுத்த எதிர்ப்பில், இந்தியத் தொழிற்சாலை ஒன்றை நடத்தியவர் ஐரோப்பிய அலுவலகம் இருக்கும் மியூனிக் நகருக்கே போய், நாங்கள் இதை முன்பே வேப்பங்கொட்டையிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தோம் என்று சாட்சி சொன்னார். 2000 மே மாதம் காப்புரிமை ரத்தானது. மேல்முறையீடும் 2005 மார்ச் 8ஆம் தேதி தள்ளுபடி ஆனது. மஞ்சளைக் காகிதம் காப்பாற்றியது, வேம்பை ஒரு மனிதரின் நினைவு காப்பாற்றியது. வேம்புக்கு மட்டும் ஏறத்தாழ பத்தாண்டுகள் பிடித்தன. ஒவ்வொரு மூலிகைக்கும் இப்படி ஊர் ஊராக வழக்காடிக்கொண்டிருக்க எந்த அரசாங்கத்தாலும் முடியாது.

அதனால் பிறந்ததுதான் 2001இல் பணி தொடங்கிய மரபுசார் அறிவு மின்நூலகம். யோசனை எளிமையானது: ஆய்வாளர் தேடுகிற இடத்திலேயே, அவர் படிக்கிற மொழியிலேயே, நம் பழைய மருத்துவத்தைக் கொண்டுபோய் வைத்துவிடுவது. செய்து முடிப்பது மலையைப் புரட்டுகிற வேலை. சித்த மருத்துவத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஏடுகள் எல்லாம் பாட்டு. பாட்டில் கரிசலாங்கண்ணி ஓரிடத்தில் கரிசாலை என்று வரும், இன்னோரிடத்தில் கையாந்தகரை என்று வரும். ஆயுர்வேதத்துக்குப் போனால் பிருங்கராஜம். எல்லாம் ஒரே செடி என்று தாவரவியல் பெயரோடு முடிச்சுப் போட வேண்டும். அளவுகள் குன்றிமணியிலும் பலத்திலும் இருக்கும். குன்றிமணி எடை சுமார் 130 மில்லிகிராம், பலம் சுமார் 35 கிராம் என்று மாற்ற வேண்டும். சில பாடல்களில் சித்தர்கள் வேண்டுமென்றே பூடகமாகப் பேசியிருப்பார்கள். அதை அவிழ்க்கத் தமிழும் மருந்தும் இரண்டும் தெரிந்த ஆள் வேண்டும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த நுட்பம் ஒன்று உண்டு. ஒவ்வொரு பாடலையும் ஐந்து மொழிபெயர்ப்பாளர்களிடம் கொடுத்து நூலகத்தார் மாற்றவில்லை. மருத்துவர் ஒருவர் பாடலைப் படித்து, என்ன சரக்கு, எவ்வளவு, எப்படிப் பக்குவம், எந்த நோய்க்கு, எந்த நூல் என்று கட்டம் கட்டமாகக் குறியீடுகளாக ஒருமுறை பிரித்து வைத்துவிடுவார். மென்பொருள் அந்தக் குறியீடுகளை ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ், ஜப்பான் மொழிகளில் ஒரே மூச்சில் எழுதிக் கொடுக்கும். பாட்டின் சந்தம் போய்விடும், மருந்து தங்கிவிடும். இப்படி 4 லட்சத்துக்கும் அதிகமான மருந்துமுறைகள் உள்ளே போயிருக்கின்றன. 2009இல் ஐரோப்பிய அலுவலகத்துக்கும் அமெரிக்க அலுவலகத்துக்கும் சாவி கொடுக்கப்பட்டது. மூலிகைகளுக்குப் போதிய அறை இல்லை என்று இந்தியா விடாமல் கேட்டதன் பலனாகப் பன்னாட்டுப் பாகுபாட்டிலும் 200க்கும் மேற்பட்ட புதுக் கதவுகள் திறந்தன. பெயர் தெரியாத ஒரு மருத்துவர் என்றோ ஓலையில் கீறியது, இன்று மியூனிக்கில் ஒரு மேஜைமேல் திரையில் ஜெர்மனில் ஒளிர்கிறது.

சரி, நம் புற்றுமண் விண்ணப்பத்துக்கு வருவோம். இந்தியச் சட்டம் இங்கே அமெரிக்காவின் பழைய சட்டத்தைவிட ஒரு படி மேல். உள்ளூர்ச் சமூகத்தில் வாய்மொழியாக வழங்கிவரும் அறிவையே எதிர்ப்புக்குக் காரணமாகக் காட்டலாம் என்று 25ஆம் பிரிவு சொல்கிறது. காப்புரிமை வழங்கும் முன் எதிர்ப்பு மனு யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம். வக்கீலாக இருக்க வேண்டியதில்லை, பாதிக்கப்பட்டவராகக்கூட இருக்க வேண்டியதில்லை. தவிர, மரபறிவே ஆகிவிடுகிற எதுவும் கண்டுபிடிப்பு அல்ல என்று 3ஆம் பிரிவில் 'பி' என்ற உட்பிரிவு தனியே கதவை அடைத்திருக்கிறது. புற்றுமண் பூச்சுக்காரர் வீடு திரும்ப வேண்டியதுதான்.

ஆனால் மண்ணின் கதை அதோடு முடியவில்லை. ஒரு சிட்டிகை மண்ணில் இருக்கும் நுண்ணுயிர்களில் பெரும்பாலானவற்றை யாரும் ஆய்வகத்தில் வளர்த்துப் பார்த்ததில்லை. ஈஸ்டர் தீவுக்கு 1964இல் போன கனடா நாட்டுக் குழு கொஞ்சம் மண்ணை அள்ளி வந்தது. அதில் இருந்த ஒரு நுண்ணுயிரியிலிருந்து மான்ட்ரியலில் சுரேந்திரநாத் சேகல் என்ற விஞ்ஞானியின் குழு ஒரு வேதிப்பொருளைப் பிரித்தெடுத்து 1975இல் அறிவித்தது. ராபா நுய் என்ற அந்தத் தீவின் உள்ளூர்ப் பெயரால் அது ராபமைசின். இன்று மாற்றுச் சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமல் காக்கிற மருந்து. மண் தீவின் வயதுக்குப் பழையது. அந்த நுண்ணுயிரி மனிதன் அங்கே கால் வைப்பதற்கு முன்பே அதைச் சுரந்துகொண்டிருந்திருக்கலாம். ஆனாலும் வேதியியல் புத்தகத்துக்கு அந்த மூலக்கூறு புதிது. நாளை நம் ஊர்ப் புற்று ஒன்றிலிருந்து இப்படி ஒன்று கிடைத்தால்? இயற்கையில் இருக்கும் பொருளைக் கண்டெடுத்ததற்கு மட்டும் இந்தியாவில் காப்புரிமை தரமாட்டார்கள். அதைப் பிரித்தெடுக்க ஒருவர் கண்டுபிடித்த புது முறைக்குக் கிடைக்க வாய்ப்புண்டு.

புதுமை எவ்வளவு சீக்கிரம் கெட்டுப்போகிற சரக்கு என்பதையும் சொல்ல வேண்டும். சங்கரன்கோவில் விசைத்தறிக்காரர் ஒருவர், நாடா அடிபடாமல் நிற்க ஒரு புதுவிதத் தடுப்பைத் தன் தறியில் பொருத்தியிருப்பதாக வைத்துக்கொள்வோம். உலகில் யாருக்கும் தெரியாத அமைப்பு. சந்தோஷத்தில் வீடியோ எடுத்து யூடியூபில் போடுகிறார். மறுநாள் விண்ணப்பம் கொடுக்கிறார். போச்சு. அவருடைய வீடியோவே அவருக்கு எதிரான முன்னறிவு. அரசு அறிவித்த கண்காட்சியில் காட்டியது, அறிஞர் சபையில் கட்டுரையாகப் படித்தது போன்ற சில சூழல்களுக்கு மட்டும் 12 மாதச் சலுகை உண்டு. யூடியூப் அந்தப் பட்டியலில் இல்லை. கல்லூரிகளில் கருத்தரங்கில் முதலில் பேசிவிட்டுப் பிறகு காப்புரிமைக்கு ஓடும் பேராசிரியர்களும் இதை ஒருமுறை படித்துப் பார்க்கலாம்.

இன்னொரு திருப்பம் உண்டு, அது சென்னையிலேயே நடந்தது. சுவிட்சர்லாந்தின் நோவார்ட்டிஸ் நிறுவனம், ஒருவகை ரத்தப் புற்றுநோய்க்கான இமாடினிப் மெசிலேட் மருந்தின் 'பீட்டா' படிக வடிவத்துக்கு 1998இல் இங்கே விண்ணப்பித்தது. மருந்து மூலக்கூறு ஏற்கெனவே தெரிந்தது. படிகத்தில் மூலக்கூறுகள் அடுக்கப்பட்டிருக்கும் விதம்தான் மாறியிருந்தது. அந்த வடிவம் உடலில் 30 சதவீதம் கூடுதலாகச் சேர்கிறது என்றார்கள். தெரிந்த பொருளுக்குப் புது வடிவம் கொடுத்தால் மட்டும் போதாது, அதன் செயல்திறன் கூடியிருக்க வேண்டும் என்கிறது இந்தியச் சட்டத்தின் 3(டி). சென்னை அலுவலகம் 2006 ஜனவரியில் விண்ணப்பத்தை நிராகரித்தது. வழக்கு ஏழு ஆண்டு நடந்து, 2013 ஏப்ரல் 1ஆம் தேதி உச்ச நீதிமன்றம் நிராகரிப்பை உறுதி செய்தது. உடலில் அதிகம் சேர்வது வேறு, நோயை அதிகம் குணப்படுத்துவது வேறு என்பது தீர்ப்பின் மையம். அந்நாளில் நிறுவனத்தின் மருந்து மாதத்துக்கு ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல். இந்திய நிறுவனங்கள் தயாரித்தது பத்தாயிரம் ரூபாய் அளவில். ஒரு படிகத்துக்குள் மூலக்கூறுகள் எந்த வரிசையில் நிற்கின்றன என்ற கேள்விக்குப் பின்னால் இத்தனை வீட்டுக் கணக்குகள் இருந்தன.

கிண்டியில் அதே வளாகத்தில் இன்னோர் அலுவலகமும் இருக்கிறது. நாட்டுக்கே அது ஒன்றுதான்: புவிசார் குறியீட்டுப் பதிவகம். சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கும் வடக்கே ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்கும் அங்கிருந்துதான் சான்று வந்தது. பால்கோவாவுக்கு 2019இல், கடலைமிட்டாய்க்கு 2020இல். அங்கே விதி தலைகீழ். இந்தப் பண்டம் இந்த ஊரில் காலகாலமாக இருக்கிறது, வேறெங்கும் இந்த ருசி வராது என்று காட்ட வேண்டும். பழைய கடை ரசீது, பழைய அரசிதழ், பழைய புகைப்படம் என்று தேடிச் சேர்ப்பார்கள். காப்புரிமைக்காரர் எந்தக் காகிதம் கண்ணில் பட்டுவிடக் கூடாதே என்று பயப்படுவாரோ, அதே மாதிரிக் காகிதத்தை மிட்டாய்க்காரர் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து கொடுப்பார். காப்புரிமை 20 ஆண்டில் காலாவதி. குறியீட்டை 10 ஆண்டுக்கு ஒருமுறை கட்டணம் கட்டிப் புதுப்பித்துக்கொண்டே போகலாம்.